கூடாரத்தில் இரண்டு ராத்திரி

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் ஃபோன் செய்து, "ஸார், நீங்கள் பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் படித்தவர். ஸ்மார்ட்ஃபோன், ஸ்மார்ட் டிவி, காமிரா என்று வீடு முழுக்க வந்துவிட்டதே, அதில் நமக்கு என்ன ஆபத்து என்று அரை மணி பேசுங்கள்" என்றார். வால்வு ரேடியோவைப் பிரித்துப் பார்த்துப் படித்த தலைமுறை நான். அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். நிபுணர் மாதிரி பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சென்ற கிறிஸ்துமஸ் லீவில் நடந்த ஒரு சின்னப் பிரயாணம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. அதையே சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து பெண்ணும் பேரனும் வந்திருந்தார்கள். பேரன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். "தாத்தா, ஓட்டல் வேண்டாம். கூடாரத்தில் தங்கலாம்" என்று பிடிவாதம் பிடித்தான். பாறசாலைக்கு உள்ளே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம் ஒன்றில், ரப்பர் தோட்டத்தின் நடுவே கூடாரம் அடித்து வாடகைக்கு விடுகிறார்கள். எழுபத்தைந்து வயதில் தரையில் படுப்பதா என்று என் சகதர்மிணி தயங்கினாள். கட்டில் உண்டு என்று தெரிந்ததும் சம்மதித்தாள். பூனாவில் இருக்கும் பையனிடம் சொன்னால் "இந்த வயசில் எதற்கு" என்பான். எனவே திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ரகசியமாகக் கிளம்பினோம்.

கரமனையிலிருந்து கிளம்பி திருவல்லம் டோலைத் தாண்டி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பூனாவிலிருந்து ஃபோன். "அப்பா, திருவல்லம் தாண்டியாச்சா? எங்கே போறேள்?"

கார் அவன் பெயரில் இருக்கிறது. அதனால் ஃபாஸ்டாக் கணக்கும் அவனுடையது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டுக்குள் பேட்டரி கிடையாது. டோல் கூரையிலிருந்து வரும் ரேடியோ அலையிலேயே சக்தி எடுத்துக்கொண்டு தன் நம்பரைத் திருப்பிச் சொல்லும். பணம் கழியும், கணக்குக்காரருக்கு எஸ்.எம்.எஸ். போகும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானபோது, வரிசையில் நிற்க வேண்டாம், சில்லறை தேட வேண்டாம் என்று நானும் சந்தோஷப்பட்டவன்தான். அது நம் பிரயாணத்தின் டைரியும் எழுதுகிறது என்பது அன்றுதான் உறைத்தது. போதாததற்கு 2023 ஏப்ரலில் கேரள சர்க்கார் தொடங்கி வைத்த 726 காமிராக்கள் வேறு. ஹெல்மெட் இல்லையா, பெல்ட் இல்லையா என்று பார்த்து, நம்பர் பிளேட்டைப் படித்து, வண்டிச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பும். சாலை விபத்து குறையட்டும், நல்லதுதான். ஆனால் ரகசியமாகக் கிளம்பினோம் என்று நினைத்தது எங்கள் அறியாமை.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் இருந்த பையன் மரியாதையாக, "ஆதார் தரணும் ஸார்" என்றான். யார் தங்குகிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டியதுதான். ஆனால் அவன் தன் சொந்த ஃபோனை எடுத்து எங்கள் நால்வரின் ஆதாரையும் படம் பிடிக்க வந்தான். பேரன் தடுத்து, தன் ஃபோனிலிருந்து 'மாஸ்க்ட் ஆதார்' காட்டினான். கடைசி நாலு எண் மட்டும் தெரியும், மற்றவை மறைந்திருக்கும். ஆதார் இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷமாக எத்தனை கடையில், எத்தனை லாட்ஜில் முழு நகல் கொடுத்திருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை. ஆபீஸில் 'கான்ஃபிடென்ஷியல்' ஃபைலை அரக்கு முத்திரை வைத்து அனுப்பியவன், சொந்த விஷயத்தில் இவ்வளவு தாராளமாக இருந்திருக்கிறேன்.

ராத்திரி ஒரு வேடிக்கை. கட்டில் அருகே வைத்திருந்த என் ஃபோனில், "தமிழ்நாட்டுக்கு நல்வரவு" என்று செய்தி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேரளா நெட்வொர்க். விடியற்காலை மீண்டும் தமிழ்நாடு. ஃபோன் ஓரிஞ்சு கூட நகரவில்லை.

காரணம் எளிது. நம் ஃபோன் சும்மா கிடக்கும்போதும் சுற்றியுள்ள டவர்களின் சிக்னலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எது பலமாகக் கேட்கிறதோ அதனிடம், "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதிவு செய்துகொள்கிறது. அப்படிச் சொன்னால்தான் நமக்கு அழைப்பு வரும்போது எந்த டவர் வழியாக அனுப்புவது என்று கம்பெனிக்குத் தெரியும். பாறசாலை கேரள வட்டம்; களியக்காவிளை தமிழ்நாட்டு வட்டம். காற்றும் ஈரமும் மரங்களும் மாறும்போது சிக்னல் கூடும், குறையும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகாவைத் தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் பிரித்துக் கோடு போட்டார்கள். ரேடியோ அலைக்கு அந்தக் கோடு தெரியாது.

இங்கே நம்மில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. ஜி.பி.எஸ். ஸாட்டிலைட் நம்மை மேலேயிருந்து பார்க்கிறது என்று நினைக்கிறோம். இல்லை. அது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தையும் தன் இருப்பிட விவரத்தையும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. ஆகாசவாணி செய்தி வாசிப்பது மாதிரி. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நாலைந்து ஸாட்டிலைட்டின் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவது நம் கையிலிருக்கும் ஃபோன்தான். கணக்கிட்டதை யார் யாருக்குச் சொல்கிறது என்பதே கேள்வி. நாம் "அலௌ" என்று அழுத்திய ஒவ்வொரு ஆப்புக்கும் சொல்லும். காட்டிக்கொடுப்பது ஆகாசத்தில் இல்லை, நம் சட்டைப் பையில் இருக்கிறது.

டவர் விஷயம் வேடிக்கையோடு நிற்கவில்லை. 2020-இல் கோவிட் சமயத்தில் பாறசாலை அருகே இஞ்சிவிளையில் சோதனைச் சாவடி போட்டு எல்லை தாண்டி வருபவர்களைப் பதிவு செய்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில், நோயாளிகளின் ஃபோன் விவரங்களைப் போலீஸ் வாங்கலாம் என்று உத்தரவு வந்து, விஷயம் ஹைகோர்ட் வரை போயிற்று. டவர் இருப்பிடம் மட்டுமே பயன்படுத்துவோம் என்று சர்க்கார் சொன்னது. நோய் பரவாமல் தடுக்கத்தான் செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் கூடாரத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் அடி நகராத என்னை, ஒரே ராத்திரியில் மூன்று முறை எல்லை தாண்டியவனாக அந்தக் கணக்கு காட்டும். நம்மைப் பற்றி எழுதி வைப்பது ஒரு கவலை. தப்பாக எழுதி வைப்பது அதைவிடப் பெரிய கவலை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். 2022-இல் பாறசாலை இளைஞர் ஒருவருக்குக் கஷாயத்தில் விஷம் கலந்து கொடுத்த வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, ஃபோனில் தேடிய விவரமும் பரிமாறிய செய்திகளும் முக்கியமான சாட்சியங்களில் இருந்தன. அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க இதே பதிவுகள் உதவின. எனவே பதிவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று ஒரு முறை வேண்டும்.

அந்த முறையைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனவர் யார் தெரியுமா? நம்மை விட மூத்தவர். கர்நாடக ஹைகோர்ட்டிலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, எண்பது வயதுக்கு மேல், 2012-இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அதில் எழுந்த கேள்விக்காக ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, 2017 ஆகஸ்ட் 24-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக்கூடாது. 2018-இல் ஆதார் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் தனியார் கம்பெனிகள் அதைக் கேட்டு வற்புறுத்த வழி செய்த பகுதி அடிபட்டது. புட்டசாமி அவர்கள் 2024-இல், 98 வயதில் காலமானார். வயதானவர்கள் இதையெல்லாம் கவனித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு அவரே பதில்.

மறுநாள் காலை நெய்யாற்றின்கரை கிருஷ்ணஸ்வாமி கோவிலுக்குப் போனோம். இரண்டு கையிலும் வெண்ணெய் வைத்துக்கொண்டு நிற்கும் உண்ணிக்கண்ணன். கோவில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பழைய பலாமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகள் துரத்தி வந்தபோது மார்த்தாண்டவர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். ஒரு சிறுவன் வந்து அந்த இடத்தைக் காட்டினான், அவன் கிருஷ்ணனேதான் என்பார்கள். 1729-இல் அவர் பட்டத்துக்கு வந்தார். பிறகு நன்றியோடு கோவில் கட்டினார்.

பேரன் பொந்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அவர் மடியில் ஒரு ஸ்மார்ட்ஃபோன் இருந்திருந்தால் திருவிதாங்கூரே இருந்திருக்காது" என்றான். எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் அவனிடம் சொன்னேன்: ஒளிந்துகொள்கிறவன் எல்லாம் குற்றவாளி இல்லை. "தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். மார்த்தாண்டவர்மா என்ன தப்புச் செய்தார்?

இனிமேல் சொல்லப்போவது எனக்கே கொஞ்சம் சங்கடமான விஷயம்.

அன்று மத்தியானம் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி, "காஸை மூடினோமா? பாருங்கோ" என்றாள். இரண்டு வருஷம் முன்பு நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததிலிருந்து, பையன் எங்கள் ஹாலில் ஒரு காமிரா வைத்திருக்கிறான். சமையலறை வாசல் வரை தெரியும். ஃபோனில் திறந்தேன்.

ஹாலில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் இருந்தாள். செடிக்குத் தண்ணீர் விட சாவி கொடுத்திருந்தோம். பதினெட்டு வருஷமாக வருகிறவள். எங்கள் எதிரே ஒரு நாளும் நாற்காலியில் கூட உட்கார்ந்ததில்லை. அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காலால் மெல்ல உந்தி ஆடிக்கொண்டிருந்தாள். மடியில் துடைப்பம். முகத்தில் ஓர் அமைதி.

எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "அணைச்சுடுங்கோ" என்றாள். சற்றுப் பொறுத்து, "அவ உட்கார்ந்ததுல தப்பில்லை. நாம பார்த்ததுதான் தப்பு" என்றாள்.

டோல்காரன், டவர்காரன், ஆதார் கேட்ட பையன் என்று இரண்டு நாளாக எல்லோர் மேலும் குறை சொல்லிக்கொண்டு வந்த நான், அந்த நிமிஷம் வாயடைத்துப் போனேன். அந்தக் காமிரா என்ன என்று அவளுக்கு நாங்கள் சொன்னதே இல்லை. உடனே இன்னொன்றும் தோன்றியது. நான் அவளைப் பார்த்தது மாதிரி, பையன் பூனாவிலிருந்து எங்களைப் பார்க்கலாம். நானும் மனைவியும் சண்டை போடுவதை, நான் பனியனோடு தூங்கி வழிவதை எல்லாம். பாசத்தால்தான் வைத்தான். நாங்களும் நல்லெண்ணத்தில்தான் காஸைப் பார்த்தோம்.

நம் அக்ரஹாரத்தில் மட்டும் என்ன ரகசியம் இருந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திண்ணையில் உட்கார்ந்தால் யார் வீட்டில் என்ன சமையல், யாருக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்று எல்லாம் தெரியும். ஆனால் இரண்டு வித்தியாசம். நம்மைப் பார்த்தவரை நாமும் பார்த்தோம்; எதிர்வீட்டு மாமாவுக்கு நம்மைத் தெரிந்த அளவு நமக்கும் அவரைத் தெரியும். அடுத்தது, மனிதர்கள் மறந்துவிடுவார்கள். பத்து வருஷத்துக்கு முன் நடந்த மனஸ்தாபம் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் கரைந்துவிடும். கம்ப்யூட்டருக்கு மறதி கிடையாது; அதன் பின்னால் இருப்பவர் யாரென்றும் நமக்குத் தெரியாது. 2017-இல் அமெரிக்காவில் விஸியோ என்ற டிவி கம்பெனி, வீடுகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் சம்மதமின்றிச் சேகரித்ததற்காக 22 லட்சம் டாலர் கட்டியது. நாம் டிவியைப் பார்ப்போம். டிவி நம்மைப் பார்க்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஆபீஸ் அனுபவம் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் கீழே வேலை செய்பவர்களைப் பற்றி வருஷா வருஷம் ரகசிய அறிக்கை எழுதுவோம். பாதகமாக எழுதினால் ஒழிய, என்ன எழுதினோம் என்று அவர்களுக்குக் காட்ட மாட்டோம். பிரமோஷன் ஏன் நின்றது என்று தெரியாமலே ரிடையர் ஆனவர்கள் உண்டு. 2008-இல் தேவ் தத் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட், எந்தக் குறிப்பையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. இன்று நம் எல்லோரைப் பற்றியும் ரகசிய அறிக்கை எழுதப்படுகிறது. அதைக் கேட்டுப் பார்க்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் வரன் பட்டியல் வெளியிடுகிறோம். நல்ல சேவை; எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது. ஆனால் அதில் என்னென்ன இருக்கிறது? பெண்ணின் பெயர், பிறந்த தேதி, பிறந்த நிமிஷம், ஊர், கோத்திரம், நக்ஷத்திரம், வேலை செய்யும் கம்பெனி, சம்பளம், அப்பா பெயர், ஃபோன் நம்பர், சில சமயம் ஃபோட்டோ. பத்திரிகையில் அச்சான காலத்தில் அது உறுப்பினர் வீட்டோடு நின்றது. இன்று யாரோ அதை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நூறு குரூப்புக்குப் போகிறது. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அந்தப் பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2024 அக்டோபரில் பிரதமரே 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி பற்றி எச்சரித்தார். போலீஸ் மாதிரி, சி.பி.ஐ. மாதிரி பேசுகிறவன் முதலில் நம்மைப் பற்றிய விவரங்களைச் சொல்லித்தான் நம்ப வைக்கிறான். அந்த விவரத்தை நாமே அச்சடித்துக் கொடுக்க வேண்டுமா?

இந்தச் சட்டத்தில் சொந்த வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. சங்கத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. சட்டம் இருக்கட்டும், நம் பெண் குழந்தைகளின் மரியாதைக்காக மூன்று யோசனை சொல்கிறேன். ஒன்று, பட்டியலில் பெயருக்குப் பதில் பதிவு எண் போடலாம். நம்பரும் முழு ஜாதகமும் கேட்பவரை விசாரித்த பின் அலுவலகம் கொடுக்கட்டும். இரண்டு, பதிவு செய்யும்போது பெற்றோர் மட்டுமல்ல, பெண்ணும் பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். மூன்று, கல்யாணம் நிச்சயமானதும் விவரத்தை அழிக்க வேண்டும். தலைவர் அவர்கள் இதைக் கமிட்டியில் வைப்பதாகச் சற்று முன் சொன்னார். அவருக்கு நன்றி.

வீட்டில் செய்யக்கூடியவை சில. ஆதார் கேட்டால் மாஸ்க்ட் ஆதார் கொடுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. உங்கள் பெயரில் எத்தனை ஸிம் இருக்கிறது என்று அரசின் 'சஞ்சார் ஸாத்தி' தளத்தில் பாருங்கள். டார்ச் லைட் ஆப் உங்கள் இருப்பிடத்தையும் விலாசப் புத்தகத்தையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். பிரயாணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு அனுப்புங்கள். வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டாம். மோசடியில் பணம் போனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல், அந்த நிமிஷமே 1930-க்கு ஃபோன் செய்யுங்கள்.

கடைசியாக, வீட்டுக்குத் திரும்பியதும் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அந்த அம்மாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. காமிராவைக் காட்டி, அது என்ன செய்யும் என்று சொன்னேன். ஒரு தடவை அவளுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டேன், தப்பு, என்றும் சொன்னேன். ஊஞ்சலைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தான் பெருக்கும்போது பாடுவது கூட அதில் கேட்குமா என்று கேட்டாள். கேட்கும் என்றேன். அதன் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை.

காமிராவை எடுத்து வாசல் கேட்டைப் பார்த்து மாட்டிவிட்டேன். பையனுக்கு வருத்தம். "விழுந்துட்டா யாருக்குத் தெரியும் அப்பா?" என்று கேட்டான். அவன் கவலையும் நியாயம்தான். காலையிலும் ராத்திரியும் நானே அவனை ஃபோனில் கூப்பிடுகிறேன், கழுத்தில் அவசர பட்டன் மாட்டிக்கொள்கிறேன் என்று உடன்பாடு ஆகியிருக்கிறது. அவனுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் முன்பு காமிராவில் எட்டிப் பார்த்தவன், இப்போது தினம் இரண்டு தடவை என்னோடு பேசுகிறான்.

போன வாரம் ஹாலைப் பெருக்கும்போது பழைய மலையாளப் பாட்டு ஒன்று மெல்லக் கேட்டது. நானும் மனைவியும் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.